பதினேழாம் பெட்டியை நான்தான் நகர்த்தினேன்

நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் போன மாதம் போன் செய்தார்கள். பழைய கணக்கையெல்லாம் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். நாற்பது பெட்டியில் முப்பத்தொன்பதுக்கு ஒவ்வோர் இடம் குறித்திருக்கிறது. பதினேழுக்கு மட்டும் இரண்டு இடம் இருக்கிறது. எது சரி என்று கேட்டார்கள்.

இரண்டும் சரி என்றேன்.

அது அவர்களுக்குப் போதவில்லை. போனில் சொல்லி மாளாது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எழுதுவது பெட்டி தூக்குவதைவிடக் கஷ்டம் என்று தெரிந்தது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

என் பெயர் செல்லமுத்து. எட்டாவது வரை படித்தேன். வெண்ணந்தூர்ப் பக்கம் மேட்டுக்காட்டில் இருக்கிற காஸ்மிக் கதிர் நிலையத்தில் இருபத்தாறு வருடம் பெட்டி பார்த்தேன். போன வருடம் ஓய்வு கொடுத்தார்கள்.

பெட்டி என்றால் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பலகை. வானத்திலிருந்து வரும் துகள் அதில் பட்டால் மின்மினி அளவுகூட இல்லாத ஒரு வெளிச்சம் வரும். அதை ஒரு குழாய் பிடித்து, கம்பி வழியாக அறைக்கு அனுப்பும். இப்படி நாற்பது பெட்டி, அறுபது எழுபது அடிக்கு ஒன்றாக, ஆறேழு பேருடைய காட்டில் குத்தகைக்கு வைத்திருந்தார்கள்.

காஸ்மிக் கதிர் எங்கிருந்தோ வருகிறது. மேலே காற்றில் மோதி உடைகிறது. உடைந்தது இன்னொன்றை உடைக்கிறது. தரைக்கு வரும்போது ஒரு கைப்பிடி ராகியை வீசியது போலப் பரவி விழுகிறது. நடுவில் நெருக்கமாக விழும், தள்ளிப் போகப் போக இடைவெளி விட்டு விழும். எந்தப் பெட்டியில் எவ்வளவு விழுந்தது, எதில் முதலில் விழுந்தது என்று பார்த்து, மேலே வந்து மோதிய ஆசாமிக்கு எவ்வளவு ஆற்றல் என்று கணக்குப் போடுவார்கள். ஆசாமியை நேரில் பார்த்தவர் யாருமில்லை.

இதுதான் வேலை. நான் போட்டது கணக்கு இல்லை. கணக்குக்கு முன்னால் உள்ளதெல்லாம் நான்.

அதிகாரி நடராஜன் சார். திருவாரூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியானவர், சத்தம் போடத் தெரியாதவர். என்னை ஒருநாளும் நீ என்றதில்லை. கம்பியைக் கடித்த வெள்ளாட்டைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டினார். அது போகவில்லை.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு பெட்டியையும் சோதிக்க வேண்டும். மீட்டரை மாட்டி, ஒரு அளவு நேரத்துக்குத் துகளை எண்ணி, நோட்டில் எழுத வேண்டும். முதல் வாரம் 412 என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"சரியா நானூத்திப் பன்னெண்டுதானா?"

"ஆமாங்க சார். நல்லாப் பாத்தனுங்க."

"இன்னொரு தடவை எண்ணிட்டு வாங்க."

போனேன். 398. இன்னொரு தடவை போகச் சொன்னார். 421. எனக்கு வேர்த்துவிட்டது. மீட்டர் கெட்டுவிட்டது, என் தலையில் கட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

சார் சிரித்தார். "மீட்டர் நல்லாத்தான் இருக்கு. மழை எண்ணுற மாதிரிதான் இது. எண்ணினது நானூறுன்னா இருபது கூடக்குறைய ஆடும். நூறுன்னா பத்து ஆடும். நாலுன்னா ரெண்டு. எண்ணிக்கையோட வர்க்கமூலம்."

வர்க்கமூலம் எனக்குத் தெரியாது. ஆனால் நானூறுக்கு இருபது, நூறுக்குப் பத்து, நாலுக்கு இரண்டு என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நோட்டில் எந்த எண் எழுதினாலும் பக்கத்தில் 'கூடக்குறைய இவ்வளவு' என்று எழுதாவிட்டால் சார் வாங்க மாட்டார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சம்சாரம் கேட்டால், ஆறு மணி, கூடக்குறைய அரை மணி என்பேன். அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இங்கே வருவதற்கு முன்னால் நான் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை தரம் பிரித்தேன். சிறுசு, நடுத்தரம், பெரிசு என்று எடை பார்த்து அட்டையில் அடுக்க வேண்டும். ஒருநாள் சாருக்கு இதைச் சொன்னேன். பேச்சு எப்படி வந்தது என்று ஞாபகம் இல்லை. டீ ஆறும் நேரத்தில் வந்திருக்கும்.

"தராசு சரியா இருக்குமா?" என்றார்.

"ஆடுமுங்க. அதுலதான் வம்பே. பெரிசுன்னு போன அட்டையில பாதி நடுத்தரம்னு கடைக்காரரு திருப்பி அனுப்பிருவாரு. நடுத்தரம்னு போனது ஒருநாளும் திரும்பி வராது."

சார் டீயைக் கீழே வைத்துவிட்டார். "ஏன் அப்படி?"

"நடுத்தரம் நெறையங்க, பெரிசு கம்மி. நூறு நடுத்தரத்துக்குப் பத்துப் பெரிசுன்னு வெச்சுக்குங்க. தராசு பத்துல ஒண்ணைத் தப்பாச் சொல்லுது. நூறுல பத்து மேல ஏறிருது. பத்துல ஒண்ணு கீழ எறங்குது. பெரிசு அட்டையில இப்பப் பத்தொம்பது. அதுல பாதிக்கு மேல பொய்யி."

"என்ன செஞ்சீங்க?"

"எடை தெரிஞ்ச முட்டை கொஞ்சத்தை எடுத்து, அதே தராசுல பத்துப் பத்துத் தடவை வெச்சுப் பாத்தமுங்க. எத்தனை தப்பு ஏறுது, எத்தனை தப்பு எறங்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதைக் கழிச்சா உள்ளது வந்துரும்."

சார் எழுந்து போய்ப் படிக்கிற பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். காஸ்மிக் கதிரும் அதே மாதிரிதானாம். ஆற்றல் பத்து மடங்கு வேண்டுமென்றால் ஐம்பதில் ஒன்றுகூடத் தேறுவது கஷ்டம். சிறியது நிமிஷத்துக்கு நிமிஷம் வரும், பெரியது எப்போதோ வரும். அளவில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் சிறியதெல்லாம் ஏறிப் போய்ப் பெரியது மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அதைக் கழிப்பதற்குப் பெரிய பெரிய கணக்கு இருக்கிறது என்றார். அன்றிலிருந்து ஆற்றல் வாரியாகப் பிரிக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலையத்தில் அட்டை என்றே பெயர் வந்துவிட்டது. சிறுசு அட்டை, நடு அட்டை, கடைசி அட்டை. வெளியூர் ஆட்கள் வந்தால் விழிப்பார்கள்.

முட்டைக்காரன் என்று எனக்கும் பெயர் வந்தது. பரவாயில்லை.

இனி கலைவாணி. சேலம் பக்கம் இளம்பிள்ளை ஊர்ப் பெண். வீட்டில் தறி. பி.எச்.டி. செய்ய வந்தாள். வந்த இரண்டாம் நாள் பெட்டியின் மூடியைத் திறக்கத் தெரியாமல் விரலை நசுக்கிக்கொண்டாள். அழவில்லை, மூடிக்கு எவ்வளவு எடை என்று கேட்டாள். அப்போதே பிடித்துவிட்டது.

அவளுடைய வேலை கடைசி அட்டை. மிகப் பெரிய ஆற்றலில் எத்தனை வருகிறது என்று இரண்டு வருடக் கணக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உதவித்தொகைக்கு அதற்கு மேல் ஒரு வருடம்தான் கெடு. அதற்குள் தீசிஸ் முடிய வேண்டும், முடியாவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அதை அவளே சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சார் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். கடைசி அட்டையில் எத்தனை விழுந்திருக்கிறது என்று யாரும் பார்க்கக் கூடாது. கம்ப்யூட்டரில் பூட்டி வைத்துவிடுவார். எதை எண்ணுவது, எதைத் தள்ளுவது, ஏன் தள்ளுவது என்று முதலில் எல்லாவற்றையும் தாளில் எழுத வேண்டும். எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் பூட்டைத் திறப்பது.

"ஏனுங்க சார் இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"முதல்ல பாத்துட்டா மனசு சும்மா இருக்காது. பிடிச்சது வந்தா விட்டுருவோம். பிடிக்காதது வந்தா அதுல குத்தம் தேடுவோம். ரெண்டும் ஏமாத்துதான்" என்றார்.

அந்த இரண்டு வருடத்தில், பின்பாதியில்தான் நான் செய்த வேலை இருக்கிறது.

பதினேழாம் பெட்டி குப்பண்ணன் காட்டில் இருந்தது. குப்பண்ணன் எங்களுக்குக் குத்தகைக்கு விட்டவர்களில் மூத்தவர். அந்த வருடம் மழை இல்லை. அவருடைய பழைய போர்க் கிணறு காற்றைத்தான் கக்கியது. நாலு மாடு, முப்பது தென்னை. தண்ணீர் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்தார். பதினேழாம் பெட்டிக்குப் பக்கத்தில் போனதும் தேங்காய் எழுந்து நின்றது. நானும் பார்த்தேன். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

"நேரா அந்தப் பொட்டிக்குக் கீழதான் ஊத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குப்பண்ணன் என்னிடம் வந்தார். "ஏப்பா செல்லமுத்து, அந்தப் பொட்டியக் கொஞ்சம் நகத்தி வெய்யேன்."

"சாரக் கேக்கோணுமுங்கண்ணா. அவரு வெளிநாடு போயிருக்காரு. வாரதுக்குப் பதினஞ்சு நாளாவும்."

"பதினஞ்சு நாளா? போர் போடற திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி நாளைக்கு வருதப்பா. நாளைக்கு உட்டா அது வடக்க போயிரும். அப்பறம் மூணு மாசம். மாடு அதுவரைக்கும் உன்ற சாரப் பாத்துட்டே நிக்குமா?"

மாட்டைப் பார்த்தேன். விலா எலும்பு தெரிந்தது.

மறுநாள் காலை குப்பண்ணனும் நானும் ரிக் வண்டி ஆட்கள் இரண்டு பேரும் மூங்கில் கொடுத்துத் தூக்கினோம். நாற்பது அடி தள்ளி, வரப்போரமாக வைத்தோம். கம்பி தடையாக இருக்கவில்லை. நாற்பது பெட்டிக்கும் ஒரே நீளக் கம்பிதான் போடுவார்கள், அறைக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டிக்கு மிச்சம் சுருட்டிக் கிடக்கும். சுருளைக் கொஞ்சம் பிரித்துவிட்டேன், அவ்வளவுதான்.

போர் போட்டு முடிந்ததும் திரும்ப எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் தண்ணீர் வந்துவிட்டது. ஐந்நூற்றுச் சொச்சம் அடியில் நுரைத்துக்கொண்டு வந்தது. பெட்டி இருந்த இடத்தில் இப்போது குழாய் நின்றது. திரும்ப வைக்க இடம் இல்லை.

பெட்டிகளின் இடத்தை வருடத்துக்கு ஒரு தடவை டேப்பு பிடித்து அளப்போம். அந்த வருட அளவு முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சார் வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். வந்ததும் சொல்லவில்லை. அப்போது நான் தற்காலிகம். என்னை நிரந்தரம் செய்யச் சொல்லி சார் மேலே எழுதியிருந்தார். இந்த நேரத்தில் வேண்டாம் என்று தள்ளினேன். குத்தகையை ரத்து செய்தால் குப்பண்ணனுக்கும் நஷ்டம். தள்ளத் தள்ளச் சொல்வதற்கு வெட்கமாகிவிட்டது. சுற்றிலும் சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பெட்டியை மறைத்தது. சோளமும் என் பக்கம் இருந்தது.

பத்து மாதம் போனது. கலைவாணி உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். சார் பூட்டைத் திறந்தார்.

கடைசி அட்டையில் நாலு இருக்க வேண்டும். மற்ற அட்டைகளை வைத்துப் போட்ட கணக்கு அப்படித்தான் சொன்னது. பதினொன்று இருந்தது.

நான் பையிலிருந்த சீட்டை எடுத்தேன். நாலுக்கு இரண்டு ஆடலாம். ஆறு வரலாம், ஏழுகூட வரலாம். பதினொன்று சும்மா வராது.

கலைவாணி நாற்காலியிலிருந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். "சார், பதினொண்ணு சார்" என்று நாலு தடவை சொன்னாள். இது நிஜமானால் பெரிய சேதியாம். வானத்தில் எங்கேயோ புதிதாக ஒன்று இருக்கிறது என்று அர்த்தமாம். தீசிஸ் தானாக நடக்கும், வெளிநாட்டில் கூப்பிடுவார்கள். இளம்பிள்ளைக்குப் போன் போட்டு, அப்பாவிடம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தாள். அவருக்கு என்ன புரிந்ததோ, பெண் சந்தோஷமாக இருக்கிறாள் என்பது புரிந்திருக்கும்.

சார் டீ மட்டும் சொன்னார். "ஸ்வீட் அடுத்த வாரம். ஒரு வாரம் இதை நாமளே உடைச்சுப் பாப்போம். உடையலேன்னா வெளியில சொல்வோம்." பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, "நோட்டுல எழுதாதது யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்றார்.

திங்கட்கிழமை கேட்டார்.  செவ்வாய்க்கிழமையும் கேட்டார். நான் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது துடைக்க வேண்டிய மீட்டர் இல்லை.

எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் தராசு தெரியும். பெட்டி ஒரு இடத்தில் இருக்கிறது, கணக்கு அது நாற்பது அடி தள்ளி இருப்பதாக நினைக்கிறது. பக்கத்தில் கொத்தாக விழுந்ததைத் தூரத்தில் விழுந்ததாக எடுத்துக்கொள்ளும். தூரத்திலேயே இவ்வளவு என்றால் நடுவில் எவ்வளவு என்று கூட்டிவிடும். சிறியது பெரியதாகிவிடும். நூறு நடுத்தரத்தில் பத்து மேலே ஏறிவிடும். இது எனக்கு ராத்திரி படுக்கையில் தோன்றவில்லை, டீ குடிக்கும்போதே தோன்றிவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் இரண்டு நாள் ஆனது.

புதன்கிழமை மத்தியானம் கலைவாணி குப்பண்ணன் போர்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி சில்லுனு இருக்குதுங்ணா" என்றாள்.

"சாமி, இந்தக் குழாய் இருக்கற எடத்துலதான் பதினேழு இருந்துச்சு. நாந்தான் நகத்துனேன்."

அவள் குனிந்தபடியே இருந்தாள். தண்ணீர் கையில் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு நிமிர்ந்து குழாயை மூடினாள்.

"எத்தனை அடி?"

"நாப்பது."

"எந்தப் பக்கம்?"

"கெழக்க."

"ஒசரத்துல வித்தியாசம் இருக்குதா?"

"ஒரு சாண் எறக்கம்."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். "இதைச் சார்கிட்ட நேராச் சொல்லிருக்கலாமில்லீங்ணா? எதுக்கு என்கிட்டச் சொன்னீங்க?"

"உன்ற கணக்கு. உனக்குத்தான் மொதல்ல தெரியோணும்."

"அப்பாகிட்டச் சொல்லிட்டனேண்ணா. அவரு தெருவெல்லாம் சொல்லிட்டாரு."

  அவள் பத்தடி நடந்து, திரும்பி வந்து, "வாங்க, ரெண்டு பேருமாப் போயிச் சொல்லுவோம். நீங்க தனியாப் போனா முழுங்கிருவீங்க" என்றாள்.

சார் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். "எந்தத் தேதி?" என்றார்.

எனக்குத் தேதி தெரியவில்லை.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. பெட்டியை நகர்த்தினேன் என்றபோதுகூட மாறவில்லை. "நகர்த்தினது தப்பு. தேதி எழுதாதது அதைவிடத் தப்பு. எதுலேர்ந்து எதுவரைக்கும் திருத்தறது, சொல்லுங்க?"

குப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருக்கும் தேதி தெரியவில்லை. அவர் சம்சாரம் பாவாயிதான் சொன்னார். "நல்லா ஞாபகமிருக்குதுங்க. செவலைக்குச் சினை ஊசி போட்ட மக்யா நாளு ரிக்கு வண்டி வந்துச்சு. சத்தத்துல மாடு மெரண்டுது, ஊசி நிக்காதுன்னு இவருகூடச் சண்டை போட்டேன்."

"நின்னுச்சுங்களா?"

"கெடாரிக் கன்னு அந்தா நிக்குது பாருங்க."

மாட்டாஸ்பத்திரிச் சீட்டை விட்டத்தில் சொருகி வைத்திருந்தார். அதில் தேதி இருந்தது. வாங்கிக்கொண்டு ஓடினேன்.

சார் சீட்டைப் பார்த்தார், கலைவாணிக்குக் காட்டவில்லை. உறையில் போட்டு ஒட்டி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். "நீங்க டேட்டாவிலேர்ந்து கண்டுபிடிங்க. அப்புறம் மாட்டைக் கேட்போம்" என்று அவளிடம் சொன்னார்.

அவள் இரண்டு நாள் உட்கார்ந்தாள். பதினேழாம் பெட்டிக்குத் துகள் எப்போது வருகிறது, கணக்குப்படி எப்போது வர வேண்டும் என்று நாள் வாரியாகக் கழித்துப் பார்த்தாள். மாதாமாதம் அந்த வித்தியாசத்தின் சராசரியைச் சரிபார்த்துத்தான் இருந்தார்கள், சராசரி பூஜ்யத்திலேயே இருந்தது. கிழக்கிலிருந்து வருவது முந்தும், மேற்கிலிருந்து வருவது பிந்தும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுகிறது என்கிற அலைச்சலை யாரும் பார்க்கவில்லை. ஒருநாளிலிருந்து அலைச்சல் மட்டும் இரண்டு மடங்காகியிருந்தது.

"சார், இதை நானும் பாக்காம விட்டுட்டேன்" என்றாள்.

"நானும்தான்" என்றார் சார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பதினொன்றாம் தேதிக்கும் பதினைந்தாம் தேதிக்கும் நடுவில் என்று எழுதிக் கொடுத்தாள். உறையைப் பிரித்தோம். செவலைக்கு ஊசி பன்னிரண்டு. மறுநாள் பதின்மூன்று. சார் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நான் பார்த்த வரையில் அந்த மனிதர் மேஜையைத் தட்டியது அது ஒருதடவைதான்.

இடத்தைத் திருத்தி மறுபடி கணக்குப் போட்டாள். பதினொன்று ஐந்தாகிவிட்டது.

புதிதாக வானத்தில் ஒன்றும் இல்லை. நாலுக்கு ஐந்து. என் சீட்டில் அடங்கிவிட்டது.

கலைவாணி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. சார் அவள் எதிரில் உட்கார்ந்தார். "திருத்தினதை மட்டும் எழுதினா, பிடிக்காததைத் திருத்தினீங்கன்னு சொல்லுவாங்க. திருத்தாததை மட்டும் எழுதினா பொய். ரெண்டையும் எழுதுங்க. பெட்டி நகர்ந்தா எத்தனை ஏறும்னு தனியாக் கணக்குப் போட்டு, அதையும் எழுதுங்க" என்றார். போட்டாள். கம்ப்யூட்டரில் பொய் மழை பெய்ய வைத்து, பெட்டியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். ஆறு ஏற வேண்டும், கூடக்குறைய இரண்டு. ஏறியது ஆறு. முட்டைக் கணக்குத்தான், அவள் பெரிதாகப் போட்டாள்.

கோப்பில் இரண்டு இடம் இருப்பது அதனால்தான். பதின்மூன்றாம் தேதிக்கு முன்னால் ஒன்று, அதிலிருந்து ஒன்று. பெட்டியைத் திரும்ப நகர்த்த வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று சார் சொல்லிவிட்டார். குத்தகையும் அப்படியே இருந்தது. என் கோப்பில் இரண்டு வரி எழுதினார். அனுமதியில்லாமல் நகர்த்தினார், தானாக வந்து சொன்னார் என்று. நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப் போனது. நியாயம்தான்.

தீசிஸ் நடக்குமா என்பதுதான் தெரியவில்லை. பெரிய சேதி போய்விட்டது. பெட்டி நகர்ந்ததை வைத்து ஒரு பட்டமா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாள்?

வாய்மொழித் தேர்வு அன்று சேலத்துக்குப் போனோம். யார் வேண்டுமானாலும் உட்காரலாமாம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தேர்வாளர் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா. நரைத்த தலை, கூர்மையான கண். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். கலைவாணி சமாளித்தாள். கடைசியில் அந்த அம்மா தீசிஸை மூடிவிட்டு, "பெட்டி நகர்ந்தது உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றார்.

"எங்க அண்ணன் ஒருத்தர் சொன்னாருங்க மேடம். அவர்தான் நகர்த்தினதும்."

"வந்திருக்காரா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"நீங்க சொல்லலேன்னா இந்தப் பொண்ணு பதினொண்ணுன்னு எழுதியிருப்பா இல்லையா?"

"எழுதியிருக்குமுங்க."

"இதைத் தவிர நோட்டுல எழுதாதது வேற ஏதாவது இருக்கா?"

சாரைப் பார்த்தேன். சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை தள்ளிப்போட்டு அனுபவித்தது போதும் என்று தோன்றியது.

"ஒண்ணு இருக்குதுங்க" என்றேன்.

கலைவாணி கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"நாலாம் பொட்டி மூடி மேல மாசி மாசம் மஞ்சள் காய வெப்பாங்க. வெள்ளை மூடி, சுத்தமா இருக்கும். கோழியும் ஏறாது. பத்து நாளைக்குக் கெடக்கும்."

"எவ்வளவு கனத்துக்கு?" என்று அந்த அம்மா கலைவாணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு விரக்கடை இருக்குமுங்க."

அந்த அம்மா கரும்பலகையைக் காட்டினார். "சரி. இப்பச் சொல்லு. உன் ரிசல்ட் நிக்குமா, நிக்காதா?"

கலைவாணி சாக்பீசை எடுத்தாள்.  என்னைத் திரும்பிப் பார்த்தாள். "குண்டு மஞ்சளா, விரலி மஞ்சளாண்ணா?"

"விரலி. இடுக்கு நெறைய இருக்கும்."

எழுத ஆரம்பித்தாள். மஞ்சளின் எடை, இடுக்குக்குப் பாதி கழிவு.  "மூடிக்குக் கீழ ஏற்கெனவே ஈயத் தகடு இருக்குங்க மேடம். இந்த மஞ்சள் அதுல இருபதுல ஒரு பங்குகூட வராது. நாப்பது பெட்டியில ஒரு பெட்டி, வருஷத்துல பத்து நாள். கடைசி அட்டையில ஒண்ணுகூட மாறாது. மாறுச்சுன்னா என் பட்டத்தைத் திருப்பி வாங்கிக்குங்க."

"இன்னும் குடுக்கவே இல்லையேம்மா" என்றார் அந்த அம்மா. கூடம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, பேனாவைத் திறந்தார். "எனக்கு வேற கேள்வி இல்லை. யார் வந்து என்ன சொன்னாலும் அது எவ்வளவு கெடுக்கும்னு இவளுக்குச் சொல்லத் தெரியுது. அது போதும்."

கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் கலைவாணி என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது. "இன்னும் ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்ணா."

யோசித்தேன். "பன்னெண்டாம் பொட்டிக்கு உள்ள ஒரு தடவை கோழி அடை காத்துச்சு, சாமி."

"உள்ளயா!"

"மூடி சரியாப் பொருந்தாம இருந்துச்சு. பாவமா இருந்துச்சுன்னு இருவத்தொரு நாளு உட்டுட்டேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "எப்ப?"

"நீ சேர்றதுக்கு மூணு வருஷம் முன்னால."

மூச்சை விட்டாள். கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப அது என்ற தீசிஸ் இல்லீங்ணா" என்றாள். "வேற யாரோடதோ, பாவம்."